அப்பாவும் 'டெஃப்' என்ற சொல்லும்

22 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். 'டெஃப்' என்ற சொல்லுக்கு உனக்குப் பொருள் தெரியாது என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. டெஃப் என்றால் செவிடு, அவ்வளவுதானே. வகுப்பில் அப்படித்தான் எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அந்த 'அவ்வளவுதானே' எங்கள் அப்பாவை நாலு மாதம் காக்க வைத்தது.

எங்களுக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவு. அப்பா சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல்லு மில்லில் 31 வருடம் மெசின் ஓட்டினார். மில்லுக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பதானாலும் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் அப்படித்தான் கத்திக் கதைப்பார். சின்ன வயதில் அதை அவருடைய கோபம் என்று நினைத்திருந்தேன். காதுக்குப் பாதுகாப்பு என்று அவர் வைத்ததெல்லாம் ஒரு துண்டுப் பஞ்சு. அது உமித்தூசைத் தடுத்திருக்கும், சத்தத்தைத் தடுத்திருக்காது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வருடக்கணக்கில் நின்றால் உட்காதில் உள்ள நுண்மயிர்க் கலங்கள் செத்துப்போகும், செத்தவை திரும்ப முளைக்காது என்பதெல்லாம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

76 வயதில் அவருக்குக் கேட்பது நன்றாகக் குறைந்துவிட்டது. லண்டனில் இருக்கும் அண்ணா போன் எடுத்து, அங்குள்ள சங்கம் ஒன்று கல்முனைப் பக்கம் காது முகாம் வைக்கப் போகிறது, கருவியும் கொடுப்பார்களாம், இணையத்தில் படிவத்தை நிரப்பு என்றார். படிவம் முழுக்க ஆங்கிலம். ஓர் இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்', மற்றதில் 'டெஃப்'. ஏதாவது ஒன்றில் சரி போட வேண்டும்.

நான் யோசித்தது இதுதான். முதலாவது, லேசாகக் காது மந்தமானவர்களுக்கான மரியாதைச் சொல். இரண்டாவது, உண்மையாகவே கேட்காதவர்களுக்கு. குறைத்துச் சொன்னால் கருவி கிடைக்காமல் போகலாம். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் படிவம் நிரப்பிப் பழகிய கை இது. எதையும் ஒரு படி கூட்டிச் சொன்னால்தான் பெயர் பட்டியலில் வரும் என்பது எங்கள் கரைப்பக்கத்தில் எழுதாத விதி. 'டெஃப்' கட்டத்தில் சரி போட்டேன்.

முகாம் நாளில் எங்களை ஒரு மண்டபத்தில் இருத்தினார்கள். இருபது இருபத்தைந்து பேர் இருந்தும் அங்கே பேச்சுச் சத்தம் இல்லை. கைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன, இடைக்கிடை வெடித்துச் சிரித்தார்கள். இளம் பெண் ஒருத்தி அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, முகம் மலர, கைகளால் ஏதோ கேட்டாள். அப்பாவும் கைகூப்பி வணக்கம் வைத்தார். அவள் திரும்பவும் கேட்டாள். இவர் திரும்பவும் வணக்கம் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி, "இந்தப் புள்ள என்ன கேக்கிறா மகள்?" என்றார்.

அந்த மண்டபம் சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கானது. அவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், கதவு மணி அடித்தால் மின்னுகிற விளக்கு, அதிர்கிற மணிக்கூடு என்று வேறு உதவிகள். கேட்புத்திறன் சோதித்துக் கருவி கொடுப்பது இன்னொரு கட்டடத்தில். அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அன்றைய பெயர்கள் முடிந்துவிட்டன. அடுத்த முறை நாலு மாதம் கழித்து என்றார்கள். பிழை அவர்களுடையதல்ல. நான் கேட்டதைத்தான் தந்தார்கள்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் போனை வாங்கித் தமிழில் தட்டித் தட்டிக் காட்டினாள். என்ன நடந்தது என்று நான் எழுதிக் காட்ட, வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் எழுதினாள்: "உங்கள் அப்பா டெஃப் இல்லை. நான்தான் டெஃப். பிறந்ததில் இருந்து." அவள் அதை எழுதிய விதத்தில் ஒரு துளி கூச்சம் இல்லை. நான் காரைதீவு என்று நாங்கள் சொல்வோமே, அந்த மாதிரி. எனக்குத்தான் முகம் சுட்டது. செவிடு என்று யாரையும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அதே சொல்லை ஆங்கிலத்தில் அப்பாவுக்குப் போட்டதும் நான்தான்.

அன்று இரவு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிப்பித்த காலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

உலக சுகாதார அமைப்பு இரண்டையும் இப்படிப் பிரிக்கிறது. லேசான குறைபாட்டிலிருந்து கடுமையான குறைபாடு வரை உள்ளவர்கள் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்'. இவர்கள் பெரும்பாலும் வாயால் பேசிப் பழகுபவர்கள், கருவி இவர்களுக்கு உதவும். 'டெஃப்' என்பது பெரும்பாலும் மிக ஆழமான இழப்பு உள்ளவர்களை, அதாவது மிகக் கொஞ்சமாகக் கேட்கிறவர்களை அல்லது கேட்காதவர்களைக் குறிக்கும். இவர்களில் பலருக்குச் சைகைதான் மொழி. ஆக, 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' நான் நினைத்ததுபோல லேசான குறைக்கு மட்டுமான சொல் அல்ல, கடுமையான குறையும் அதற்குள் அடங்கும். அதில் வரும் 'ஹார்ட்' என்பதைக் கல்லு என்றோ கடினம் என்றோ பிரித்துப் பார்த்தால் ஒன்றும் வெளங்காது. கேட்கக் கஷ்டப்படுகிறவர் என்று மூன்று சொல்லையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

'ஹியரிங் இம்பெயர்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. எங்கள் நாட்டுக் கடிதங்களில் அதைத்தான் மரியாதையாக எழுதுகிறார்கள். ஆனால் 1991 இலேயே செவிப்புலனற்றோருக்கான உலக சம்மேளனம் 'டெஃப்', 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்ற இரண்டையும்தான் தன் அதிகாரபூர்வச் சொற்களாக வைத்துக்கொண்டது. 'இம்பெயர்ட்' என்றால் பழுதான என்று ஒரு வாடை அடிக்கிறது, நாங்கள் பழுதான சாமான் இல்லை என்பது அவர்கள் கட்சி. 'டெஃப் அண்ட் டம்' என்பதை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். 'டம்' என்பதற்கு மூடன் என்றும் பொருள் இருக்கிறது. பழைய ஆட்கள் ஊமைச் செவிடு என்பதை அப்படியே அதில் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் பெரிய 'டி' போட்டு எழுதினால் பொருள் இன்னும் ஒரு படி மாறும். சின்ன 'டி' காதின் நிலையைச் சொல்கிறது. பெரிய 'டி' சைகை மொழியும் அதையொட்டிய வாழ்க்கைமுறையும் உள்ள ஒரு சமூகத்தைச் சொல்கிறது, தமிழர், சிங்களவர் என்பது போல. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. இந்த வேறுபாட்டை எங்கள் எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆசிரியர் புத்தி போகுமா? இதையும் சொல்லிவிடுகிறேன். 'லீஃப்' மாதிரி எழுத்து இருப்பதால் பிள்ளைகள் இதை 'டீஃப்' என்று வாசிப்பார்கள். 'ஹெட்', 'பிரெட்' மாதிரி 'டெஃப்' என்பதே சரி. கடைசி ஒலியைக் கவனமாகச் சொல்லாவிட்டால் அது 'டெத்' ஆகிவிடும். "மை கிரான்ட்ஃபாதர் இஸ் டெத்" என்று ஒரு பெடியன் பரீட்சையில் எழுதியிருந்தான். தாத்தா இறந்துவிட்டாரா, காது கேளாதவரா என்று எனக்கு இன்னும் தெரியாது, புள்ளியை மட்டும் வெட்டினேன். இன்னொரு பிழை, 'ஹி இஸ் எ டெஃப்' என்பது. இது பண்புச் சொல், தனியாக வரும்போது முன்னால் 'எ' வராது. 'ஹி இஸ் டெஃப்' என்றால் போதும். ஒரு காது மட்டும் கேட்காதவருக்கு 'டெஃப் இன் ஒன் இயர்'. நிலையைச் சொல்ல 'டெஃப்னஸ்'. 'டெஃபனிங்' என்பது ஆளைப் பற்றியதே அல்ல, காதைப் பிளக்கிற சத்தத்தைப் பற்றியது. 'டெஃபனிங் சைலன்ஸ்' என்று வருவதைக் 'காதைப் பிளக்கும் மௌனம்' என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச வேண்டியவர் வாய் திறக்காமல் இருப்பது ஊருக்கே தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். 'டர்ன் எ டெஃப் இயர்' என்றால் கேட்டும் கேளாதவர் மாதிரி இருப்பது. அதற்கு எங்களிடம் 'செவிசாய்க்கவில்லை' என்று அழகான சொல் இருக்கிறது.

எங்கள் 'செவிடு' வேறு ஒரு சுமையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. காதும் கன்னமும் சேருகிற இடத்துக்கும் செவிடு என்றுதான் பெயர். "செவிட்டைப் பொத்தித் தருவன்" என்று கேட்டு வளராத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. "செவிடா உனக்கு?" என்பது கேள்வியே அல்ல, ஏச்சு. அடியும் ஏச்சுமாக வந்த சொல்லை மனுசருக்குப் பெயராக வைத்தால் யார் ஏற்றுக்கொள்வார்? அதனால்தான் அப்பா ஐந்து வருடமாக, "எனக்குச் செவிடில்ல, நீங்கதான் வாய்க்குள்ள கதைக்கிறீங்க" என்று சாதித்தார். பாதி சரியும்கூட.

நாலு மாதத்தைச் சும்மா விடாமல், ஒரு காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டி, கேட்புத்திறன் சோதனையை முதலில் செய்துகொண்டோம். சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே வந்த வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் அடையாளம். தாழ்ந்த ஒலிகளில் கோடு மேலே நிற்கிறது, கூர்மையான ஒலிகளுக்குப் போகப் போகப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. இரண்டில் கூட நன்றாகக் கேட்கிற காதுக்கு 500, 1000, 2000, 4000 ஹேர்ட்ஸில் (ஒலியின் கூர்மையை அளக்கும் அலகு) 30, 40, 50, 70 டெசிபல். நாலின் சராசரி 47.5 டெசிபல். 2021 இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அளவுகோலில் 35 முதல் 50 க்குக் கீழ் வரை நடுத்தரக் குறைபாடு. அப்பா அதற்குள் நின்றார்.

"அப்ப 47 வீதம் போயிட்டுதா டொக்டர்?" என்று அம்மா கேட்டா. எல்லாரும் இதைத்தான் கேட்பார்களாம். டெசிபல் வீதம் அல்ல. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் வலு பத்து மடங்காகும். 47 என்றால் பாதி கேட்கும் பாதி கேட்காது என்று அர்த்தமில்லை, அதைவிட மெல்லிய ஒலிகள் இவருக்கு எட்டாது என்று அர்த்தம். துண்டில் 'பைலேட்டரல் சென்சரிநியூரல்' என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும், உட்காதில் அல்லது கேட்கும் நரம்பில் உள்ள குறை. காதுக் குறும்பி எடுத்தாலோ சொட்டு மருந்து விட்டாலோ போகாது.

அந்தப் படிக்கட்டுக் கோடுதான் எங்கள் வீட்டின் பத்து வருடச் சண்டையை எனக்கு விளக்கியது. உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை. அவை அப்பாவுக்குக் கேட்கும். க, ச, த, ப என்று சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லினங்கள் சன்னமானவை, கூர்மையானவை. அவைதான் கழன்று விழுகின்றன. "பால் வேணுமா?" என்றால் "ஓம், கால்தான் நோகுது" என்பார். சத்தியமாக நடந்தது. பாலும் காலும் இவருக்கு ஒன்றுதான், ஆல் மட்டும்தான் போய்ச் சேருகிறது. "கேக்குது, ஆனா வெளங்குதில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததை நாங்கள் சாட்டு என்று எடுத்துக்கொண்டோம். பேத்தி கூப்பிட்டால் திரும்பமாட்டார், மருமகன் கூப்பிட்டால் திரும்புவார். "இந்த மனுசனுக்கு வேண்டிய ஆக்கள்ட சத்தம் மட்டும் கேக்கும்" என்று அம்மா எத்தனை நாள் அழுதிருப்பா. பிள்ளையின் குரல் கீச்சு, மெல்லியது. என் கணவரின் குரல் தடித்தது. விசயம் அவ்வளவுதான். பேத்தி மட்டும் நாங்கள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அவள் முதலிலேயே ஓடிப்போய்த் தாத்தாவின் கையைத் தொட்டுவிட்டுத்தான் கதைப்பாள்.

இரண்டாம் முறை படிவத்தில் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' கட்டத்தில் சரி போட்டு, பக்கத்தில் 47.5 ஐயும் எழுதினேன். கருவி கிடைத்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை.

கருவி போட்டால் கண்ணாடி போட்ட மாதிரி அந்த நிமிசமே எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்தோம். முதல் கிழமை நரகம். காற்றாடிச் சத்தம், காகம், பீங்கான் உரசுவது, தான் சோறு மெல்லுவது எல்லாம் அவருக்கு ஒரே அளவில் விழுந்தன. கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பல கருவிகளின் கதை இங்கேதான் முடிகிறது. வருடக்கணக்காகக் கேட்காத ஒலிகளை எது வேண்டும் எது வேண்டாம் என்று மூளை திரும்பவும் பிரித்துப் பழக வாரங்கள் எடுக்கும். நாங்கள் காலையில் ஒரு மணித்தியாலம், வீட்டுக்குள், ஒரே ஒருவரோடு கதைக்க மட்டும் என்று தொடங்கினோம். கோயில் பக்கம் கொண்டுபோகவே இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தி விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் நல்ல காதுக்கே தாங்காது. இரண்டாம் மாதம் அவராகவே விடிய எழுந்ததும் மாட்டிக்கொண்டார்.

எங்கள் காலநிலை கருவிக்கு எதிரி. கடற்காற்று, வியர்வை. இரவில் சிலிக்கா ஜெல் பைக்கற் போட்ட மூடிப் போத்தலுக்குள் வைக்கிறோம், பற்றரிக் கதவைத் திறந்துவிட்டு. இந்தச் சின்னப் பற்றரிகள் காற்றுப் பட்டுத்தான் வேலை செய்யத் தொடங்கும். ஒட்டியிருக்கும் நிறத்தாளை உரித்ததும் போட்டு மூடாமல், ஒரு நிமிசம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் கடையில் கேட்க வேண்டும். அப்பாவுடையது செம்மஞ்சள், 13 ஆம் இலக்கம். மண்ணிறம் என்றால் 312, அது இவருடைய கருவிக்குள் நிற்காது. கீச்சென்று விசிலடித்தால் கருவி பழுது என்று ஓட வேண்டாம், முதலில் காதுக்குள் சரியாக இருக்கிறதா, குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கருவியைவிட நாங்கள் மாறியதுதான் கூட உதவியது என்பது என் கணிப்பு. கத்துவதை விட்டோம். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், கழன்று விழுகிற வல்லினம் அப்படியேதான் கிடக்கும், வாயும் கோணிப்போகும். குசினிக்குள் இருந்து கூப்பிடுவதை விட்டோம். முன்னால் வந்து, வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும்படி நின்று, "அப்பா" என்று ஒருமுறை சொல்லி, அவர் பார்த்த பிறகு கதைக்கிறோம். ஒரு சொல் விளங்காவிட்டால் அதையே பத்துமுறை சொல்வதில்லை. பால் விளங்கவில்லையா, "தேத்தண்ணிக்குப் பசுப்பால் ஊத்தவா?" நீளமான வசனத்தில் பிடிப்பதற்கு நாலு இடம் இருக்கும். டிவியை நிறுத்திவிட்டுக் கதைப்பது அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, நாடக நேரம்.

ஒன்று மட்டும் இன்னும் திருந்தவில்லை. சில கேள்விகளுக்கு அப்பா பதில் சொல்லமாட்டார். கருவி காதில்தான் இருக்கும், பற்றரியும் புதுசு. அம்மா சொல்லுவா, "இப்ப எல்லாம் கேக்குது மகள், பதில்தான் வருகுதில்ல." 'டர்ன் எ டெஃப் இயர்' என்பதற்கு இனி வகுப்பில் உதாரணம் தேடத் தேவையில்லை.

போன மாதம் ஓர் அலுவலகத்தில் இன்னொரு படிவம். இது தமிழில். அதில் ஒரே ஒரு கேள்விதான்: செவிப்புலன் குறைபாடு, ஆம், இல்லை. ஆம் என்று போட்டுவிட்டு, கீழே வெறுமையாக இருந்த இடத்தில் கையால் எழுதினேன்: "ஓரளவு கேட்கும். கருவி அணிகிறார். சைகை மொழி தெரியாது. முகத்தைப் பார்த்து, ஆறுதலாகப் பேசவும்." எழுதுவினைஞர் தம்பி அதை இரண்டு முறை வாசித்தார். நிமிர்ந்தார். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, மேசை அதிரும்படி, "ஐயா! இதில ஒரு கையெழுத்து வையுங்க!" என்றார்.

அப்பா பேனையை எடுத்தபடியே, "கத்தாதீங்க தம்பி, கேக்குது" என்றார்.